லேபிளில் ஆயிரத்து இருநூறு

முட்டையைத்தான் எண்ணினோம், ஐயா. வீரர்களை அல்ல. வீரர்களை எண்ண நமக்கு யார் அனுமதி தருவார்கள்? துப்பாக்கியை எண்ணவில்லை. பீரங்கியை எண்ணவில்லை. வானத்தில் போன விமானத்தை எண்ணவில்லை. அவித்த முட்டை. ஓட்டோடு. அவ்வளவுதான்.

பாருங்கள், முன்வரிசையில் ஓர் ஐயா "ஒங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார். நானும் வணக்கம் சொல்லாமல் பேச ஆரம்பித்துவிட்டேன். மேடை முறை தெரியாதவள் என்று எண்ண வேண்டாம். தெரியும். பயத்தில் மறந்துவிட்டது. இப்போது முறையாகத் தொடங்குகிறேன்.

வெறும் தாளை வண்ணமாக்கி, வண்ணத்தை வாணமாக்கி, மத்தாப்புக்கு முகமும் ராக்கெட்டுக்கு முகவரியும் தந்துவரும் லேபிள் அச்சகத்தின் உரிமையாளர், ஒன்றாம் தேதி எனக்குச் சம்பளம் தருவதால் எனக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக மரியாதைக்குரிய, இந்த அவையின் தலைவர் திரு. சீனிவாசகம் அவர்களே! ஒரு கல்யாணத்துக்கு அடுப்பு மூட்டிவிட்டு அந்தக் கரியோடு வந்து அமர்ந்திருக்கும் பிரியாணி மாஸ்டர், என் தாய்மாமா அப்துல் ஹக்கீம் அவர்களே! வெம்பக்கோட்டையிலிருந்து, மழையை நம்பி விதைத்துவிட்டு, மழையை நம்பாமல் குடையோடு வந்திருக்கும் பெரியோர்களே! எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் நுனியில் வெள்ளிப்பொடி மின்னும் அச்சங்குளத்துத் தாய்மார்களே! நாற்காலி கிடைத்தவர்களே! நாற்காலி கிடைக்காதவர்களே! மேடைக்குப் பின்னால் கருவேல மரங்களுக்கு நடுவே நின்று கேட்கிறவர்களே! மேடையில் உட்காருங்கள் என்று மூன்று முறை கூப்பிட்டும், "மேல ஏறுனா தலை சுத்தும்" என்று தரையிலேயே உட்கார்ந்திருக்கும் அய்யம்மாள் அக்கா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் தஸ்லிமாவின் ஸலாமும் வணக்கமும்.

என்னம்மா? கருவைக்குள் இருப்பவர்களுக்கு மைக் கேட்கவில்லையா? காளீஸ்வரன் அண்ணே, அந்தக் குழாயைக் கொஞ்சம் பின்பக்கம் திருப்புங்கள். அவர்களும் மனிதர்கள்தான். அனுமதிக் கடிதத்தில்தான் இல்லை.

விளக்கம் சொல்கிறேன். இந்தக் கூட்டத்துக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கியது இருநூறு பேருக்கு. நாற்காலியும் இருநூறு. மாலை நான்கு மணிக்குத் தலைவர் மேடையிலிருந்து எட்டிப்பார்த்தார். முகம் வெளுத்தது. "கூடுதலா வந்தவுகள எல்லாம் பின்னால கருவைக்குள்ள நிக்கச் சொல்லுங்க" என்றார். நின்றார்கள். நம் ஊரில் அப்படிச் சொன்னால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பழக்கம். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். மறக்க மாட்டேன்.

பேச வந்தது ஒரு போரைப் பற்றி.

ஒரு பெரிய நாடு. கடல் தாண்டிப் போய் இன்னொரு நாட்டில் போர் நடத்தியது. பெரிய நாட்டின் பெயரைச் சொல்லலாம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். மைக் செட் காளீஸ்வரன் அண்ணனின் மகள் அங்கே படிக்கப் போக விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். "பேர மட்டும் சொல்லிராதீக தங்கச்சி. சொன்னீகன்னா மைக்க ஆஃப் பண்ணிருவேன்" என்றார். ஆகவே பெரிய நாடு. பெயர் இல்லை. அந்தப் பிள்ளைக்கு விசா கிடைக்கட்டும்.

அந்தப் போரில் நம் ஊருக்கு என்ன வேலை? வெங்காயம் உரிக்கிற வேலை.

அய்யம்மாள் அக்காவின் மகன் அன்பரசன். இருபத்தாறு வயது. ஹக்கீம் மாமாவிடம் நான்கு வருடம் பிரியாணிக்கு வெங்காயம் வெட்டியவன். கண்ணில் ஒரு சொட்டு நீர் வராமல் ஒரு மூட்டை வெட்டுவான். மதுரையில் ஓர் ஏஜென்ட் அவனிடம் சொன்னார்: வெளிநாட்டில் ராணுவ முகாம், சமையல் வேலை, மொத்தம் ஆயிரத்து இருநூறு பேருக்குச் சாப்பாடு, சமையற்கூடத்தில் உன்னோடு சேர்த்து நாற்பத்தொரு பேர்.

மாமாவுக்கு அப்போதே இடித்தது. "ஏலே, ஆயிரத்து இருநூறு பேருக்கு நான் ஒம்போது ஆள வச்சு ஆக்கிருவேன். நாப்பத்தொரு பேரு எதுக்குலே?" என்றார்.

அதற்கு அன்பரசன் ஒரு பதில் சொன்னான். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் சொல்லியிருக்க மாட்டான்.

"மாஸ்டர், லேபிள்ல ஆயிரத்து இருநூறுன்னு போட்டிருந்தா உள்ள எண்ணூறுதான் இருக்கும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தலைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆயிரம் வாலாவில் ஆயிரம் இருக்காது. இது நமக்குத் தெரியும். பிறக்கும்போதே தெரியும். எத்தனை இருக்கும் என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன், எனக்கு வேலை வேண்டும். நான் தலைவரின் அச்சகத்தில் பிழை திருத்துபவள். மதுரையில் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்து, 'பட்டாசு'க்கு ஒற்று இருக்கிறதா, 'மத்தாப்பூ'வா 'மத்தாப்பு'வா என்று பார்க்கிறேன். சேர்ந்த முதல் நாள் ஒரு லேபிளைக் காட்டிக் கேட்டேன்: "சார், உள்ளே இத்தனை இருக்குமா?" அவர் அமைதியாகச் சொன்னார்: "எழுத்து மட்டும் ஒங்க வேலம்மா. எண்ணுல கை வைக்காதீக."

எண்ணில் கை வைக்காதே. மூன்று வருடம் அதைக் கடைப்பிடித்தேன்.

அன்பரசன் செய்த தவறு இதுதான். லேபிள் என்றால் உள்ளே இருப்பதைவிடக் கூட்டிச் சொல்லும் என்று நினைத்தான். பட்டாசுக்கு அது சரி. வாங்குகிறவனுக்கு நிறைய இருப்பதாகத் தோன்ற வேண்டும். போருக்கு லேபிள் தலைகீழ். வாங்குகிறவனுக்குக் கொஞ்சமாகத் தோன்ற வேண்டும். அந்த நாட்டு மக்கள்தானே காசு கொடுத்து வாங்குகிறார்கள்? "கொஞ்சம் பேர்தான், கொஞ்ச நாள்தான், கொஞ்சம் செலவுதான்." வெளியே புஸ்வாணம் படம். உள்ளே அணுகுண்டு.

கிளம்புகிற அன்று அக்கா கேட்டிருக்கிறார், "ஏலே, அங்கன சண்டை நடக்குமேலே?"

"சண்ட வெளிய நடக்கும்மா. நான் உள்ள இருப்பேன். நீ மட்டும் என்ன? நாள் பூரா வெடிமருந்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்க. நான் முட்டைக்குப் பக்கத்துல உக்காரப்போறேன்."

அக்கா அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்திருக்கிறார்.

அக்கா சனிக்கிழமை தோறும், தான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் கட்டு வாங்க எங்கள் அச்சகத்துக்கு வருவார். கையில் கைப்பேசி. மகன் அனுப்பிய குரல் செய்திகளை என் மேசையில் வைத்துத்தான் கேட்பார். அவருக்குப் பொத்தான் எது என்று தெரியாது. எனக்கு வேறு வேலை இருந்தாலும் இல்லாதது போல் இருப்பேன்.

முதல் செய்தி: "யம்மா, இங்கன ராத்திரி பகலா வெடிச்சத்தம். நம்மூரு மாதிரியே இருக்கு. ஆனா ஒண்ணுகூட நமுத்துப் போகலம்மா. எல்லாம் வெடிக்குது."

இரண்டாம் செய்தி: "யம்மா, காலைல மூணு மணிக்கு எந்திருச்சு நூத்தி இருவது அட்டை முட்டை அவிக்கிறோம். கை வெந்துபோச்சு."

அக்கா சேலை முந்தியை வாயில் வைத்தபடி அப்படியே நின்றார். கை வெந்ததற்காக என்று நினைத்தேன். இல்லை.

"தாயி, ஒரு அட்டைக்கு முப்பது. நூத்தி இருவது அட்டைக்கு மூவாயிரத்து அறுநூறு. ஆயிரத்து இருநூறு பேருன்னுல்ல சொன்னாக?"

நான் கைப்பேசியில் கணக்குப் போட எடுப்பதற்குள் சொல்லிவிட்டார். பட்டாசுச் சரம் பின்னுகிறவர். கூலி எண்ணிக்கைக்கு. கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது, ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் அவரால் முடியாது.

ஹக்கீம் மாமாவிடம் போனோம். மாமா கல்யாணப் பத்திரிகையை நம்பாதவர். பத்திரிகை எத்தனை அடித்தீர்கள் என்று கேட்கவே மாட்டார். போன கல்யாணத்தில் எத்தனை தேக்சா சோறு இறங்கியது என்று கேட்பார். "வந்தவன் பேரு மறைஞ்சிரும். தின்ன சோறு மறையாது" என்பார். அவர் சொன்னார்: "அவனுக ஆளு பெருசு புள்ள. ஆளுக்கு மூணு முட்டை திம்பானுகளா இருக்கும்."

கேட்டோம். பதில் வந்தது. "இல்ல மாஸ்டர். ஆளுக்கு ஒண்ணுதான். டோக்கன் இருக்கு. டோக்கன் இல்லாம ஜெனரலே வந்தாலும் முட்டை கிடையாது."

அன்றைக்கு அந்தப் பெரிய நாட்டின் மந்திரி பத்திரிகையாளர்களிடம் பேசியதை நான் படித்திருந்தேன். "அங்கே நம் வீரர்கள் ஆயிரத்து இருநூறு பேர். அதற்கு மேல் ஒருவரும் இல்லை." ஒருவரும் இல்லை! மீதி இரண்டாயிரத்து நானூறு முட்டையைத் தின்றது யார்? கோழியே திருப்பி எடுத்துக்கொண்டதா? அவித்த முட்டை அடைகாக்கப்பட்டதா? மந்திரி மறைக்கலாம், மேப்பில் மறைக்கலாம், மேகத்துக்குள் மறைக்கலாம். முட்டையை எதற்குள் மறைப்பது?

பிறகு தேடித் தேடிப் படித்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் அழகு. நூறு நாளுக்குக் குறைவாக வந்துபோகிற வீரர் எண்ணிக்கையில் சேரமாட்டார். அவர் விருந்தாளி.

என்னக்கா? ஆமாம், அங்கேயும் நூறு நாள் வேலை இருக்கிறது. கையில் மண்வெட்டி இல்லை, அவ்வளவுதான். நம் ஊர் நூறு நாள் வேலையில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது என்பார்கள். அங்கே ஆள் இருக்கும், பெயர் இருக்காது.

செலவும் அப்படியே. மந்திரி ஒரு தொகை சொன்னார். நம் பணத்தில் மாற்றினேன். சுழிகள் அச்சங்குளத்தில் ஆரம்பித்துச் சாத்தூர் டோல்கேட்டில் போய் நின்றன. மாமா கேட்டார், "அதுல முட்டை எந்த வரியில இருக்கு?" முட்டை 'பயிற்சி' என்ற வரியில் இருந்தது. தின்னவும் பயிற்சி வேண்டும்போல. "சரி, அவிச்சவன் கூலி?" தேடினேன். அன்பரசனின் கூலியைப் பெரிய நாடு ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிறது. அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு. அது வளைகுடாவில் ஒரு கம்பெனிக்கு. அது மதுரை ஏஜென்டுக்கு. உள்குத்தகை. இந்தச் சொல்லை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? வேண்டாம். முன்வரிசையில் இரண்டு பேர் தரையைப் பார்க்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

கடைசியில் கண்டுபிடித்தேன். அந்த நீண்ட பட்டியலின் கடைசிக்கு முந்தைய வரி. 'இதர.'

மேடையேறினால் ஒரு மூன்றெழுத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது நம் ஊர் முறை. என் மூன்றெழுத்து இதுதான். இதர! விமானத்துக்குப் பெயர் உண்டு, அதை ஓட்டுகிறவருக்குப் பதவி உண்டு, அதில் தொங்கும் குண்டுக்குக்கூட எண் உண்டு. குண்டு போடப் போகிறவருக்கு விடியற்காலையில் முட்டை அவித்தவன்? இதர. பாத்திரம் கழுவியவன்? இதர. கழிவறை கழுவியவன்? இதர!

கைதட்ட வேண்டாம். முடிக்கவில்லை.

அந்த மூவாயிரத்து அறுநூறு முட்டையில் ஒன்றுகூட அன்பரசனுக்கு இல்லை. அவனுக்கு டோக்கன் இல்லை. கவனியுங்கள். லேபிள் ஓர் எண். முட்டை இன்னொரு எண். முட்டையை அவித்தவன் இரண்டிலும் இல்லை.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் போர் முடிந்துவிட்டது. தொலைக்காட்சியில் காட்டினார்கள். "ஆயிரத்து இருநூறு பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள்." பேண்டு வாத்தியம், கொடி, கட்டிப்பிடித்து அழுகை. விருந்தாளிகளும் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்கள். அய்யம்மாள் அக்கா சாத்தூர் சேவு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். தலைவரில் தொடங்கி மெஷின் துடைப்பவர் வரை எல்லோருக்கும் ஆளுக்கொரு கை கொடுத்தார். "எம்மவன் வந்துருவான் தாயி. எல்லாரும் வந்துட்டாகளாம்ல?"

நான் சேவை வாயில் போட்டுவிட்டேன். மெல்லவும் முடியவில்லை.

அன்று மாலை செய்தி வந்தது. "யம்மா, இன்னிக்கு நான் ரெண்டு முட்டை தின்னேன். இங்கன கேக்க ஆளில்ல. எல்லாரும் போயிட்டாக. எங்கள மட்டும் யாரும் கூப்பிடல."

அதுதான் நிலைமை. சமையற்கூடத்தில் நாற்பத்தொரு பேர். பாஸ்போர்ட்டை வைத்திருக்கும் கம்பெனி வேறொரு நாட்டில். அந்தக் கம்பெனிக்குத் தொலைபேசி செய்தால் ஒரு பெண் குரல் இனிமையாகப் பாடுகிறது. பெரிய நாட்டிடம் கேட்டால் எங்கள் பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்கிறது. உண்மைதான். நான்கு நாளைக்கு முன் மாமா அவர்களிடம் மீதி என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாவு பதினோரு நாளைக்கு வரும். வெங்காயம் நெறைய இருக்கு." இன்றோடு நான்கு நாள் போய்விட்டது. ஏழு நாள் மிச்சம்.

இனி அலுவலகக் கதை. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். மின்விசிறி ஓடாத அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்க முடியாது.

மனு எழுத முதலில் பெயர்கள் வேண்டும். அன்பரசன் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வரிசையில் வந்து பேர் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. சிக்னல் வரும், போகும். பத்துப் பேர், துண்டிப்பு. மறுபடி ஏழு பேர், துண்டிப்பு. நான் காகிதத்தில் எழுதி, அடித்து, குழம்பி, மறுபடி எழுதினேன். அக்கா எழுதத் தெரியாதவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? மடியிலிருந்து வெடிமருந்து போடாத வெற்றுக் காகிதக் குழாய்களை எடுத்தார். ஒரு குரல் கேட்டால் ஒரு குழாய். குரல் கேட்க, கோர்க்க. குரல் கேட்க, கோர்க்க. முடிந்தபோது கையில் ஒரு சரம். ஒவ்வொரு குழாயின் மேலும் என்னைப் பேர் எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் விரலில் பிடித்துச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனேன். எண்ணவில்லை. எண்ணில் கை வைக்காத பழக்கம்.

அதைப் பையில் வைத்துக்கொண்டு, ஹக்கீம் மாமாவோடு அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் காவலர்.

"பையில என்னம்மா?"

"சரம்யா."

காவலர் மூன்றடி பின்னால் போனார். மரத்தடியில் நின்றவர்கள் ஆறடி போனார்கள். மனு எழுதித் தருபவர் மேசையை விட்டுவிட்டே போய்விட்டார்.

"ஏம்மா, சிவகாசிப் பக்கத்துல இருந்து சரத்தத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்குள்ள வாரீகளே, ஒங்களுக்கு நல்லாருக்கா?"

"வெடிக்காதுய்யா. உள்ள மருந்து இல்ல. பேருதான் இருக்கு."

உள்ளே பேர்தான் இருக்கிறது. இந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று அன்று முழுவதும் பொறாமைப்பட்டேன். சரி, அது என் கவலை.

உள்ளே ஓர் எழுத்தர். நல்லவர். மனுவைப் பொறுமையாகப் படித்தார். நாற்பத்தொரு பேர் என்ற இடத்தில் பேனாவை வைத்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நாப்பத்தொன்னுன்னு போட்டிருக்கீக. உள்ள எம்புட்டு இருக்கும்? ஒரு இருபத்தஞ்சு இருக்குமா?"

"சார், இதென்ன சரவெடியா?" என்று கோபமாகக் கேட்டேன்.

அவர் மேசையைப் பார்த்தார். மேசையின் மேல் சரவெடி இருந்தது.

நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அப்போது வியர்த்துவிட்டது. இருபத்தைந்து என்று அவர் எழுதினால் விமானத்தில் இருபத்தைந்து இருக்கை. பதினாறு பேர் மறுபடியும் அங்கேயே. நம் ஊர்ப் பழக்கம் கழித்துப் பார்ப்பது. அன்பரசன் கழித்தான், மாட்டிக்கொண்டான். இப்போது எழுத்தரும் கழிக்கிறார். அக்கா சரத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டி வைத்தார். "எண்ணிக்கோங்கய்யா."

எழுத்தரின் விரல் தானாக ஓடியது. குழாயைத் தொடாமல் முடிச்சைத் தொட்டு எண்ணும் விரல். கற்றுக்கொடுத்து வருவதில்லை அது. "எங்கக்காவும் பின்னுறவதான்" என்றார். எண்ணினார். நின்றார். மறுபடி எண்ணினார்.

"நாப்பத்திரெண்டு இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏக்கா, நாற்பத்தொன்றுதானே?"

"நாப்பத்திரெண்டு குரல் கேட்டுச்சு தாயி."

கடைசிக் குழாயைப் பார்த்தோம். என் கையெழுத்துதான். 'கிட்டுமணி.'

"யாருக்கா கிட்டுமணி?"

"தெரியல. கடைசியா ஒருத்தன் பேரு சொன்னான். சொன்னான், கோத்துட்டேன்."

எழுத்தரின் தொலைபேசியிலிருந்தே அன்பரசனை அழைத்தோம். அந்த ஆளின் பெயர் கிமானி. பாத்திரம் கழுவுகிறவன். ஆப்பிரிக்காவில் எங்கோ ஊர். அவனைக் கூட்டிவந்த கம்பெனி போரின் நடுவிலேயே காணாமல் போய்விட்டது. தமிழ் தெரியாது, இந்தி தெரியாது. எல்லோரும் வரிசையில் நின்று பேர் சொல்வதைப் பார்த்தான். தானும் நின்றான். தானும் சொன்னான்.

பக்கத்தில் இருந்த ஹக்கீம் மாமா மெதுவாகச் சொன்னார்: "அதான் மாவு ஒரு ஆள் சோறு கூடுதலாக் குறையுதேன்னு பாத்தேன்."

எழுத்தர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "அம்மா, மனுவுல இந்தியர்னுல்ல இருக்கு. இந்தாளு இந்தியன் இல்லையே?"

அக்கா சொன்னார்: "அவனும் அங்கனதானய்யா நிக்கிறான்."

நான் அந்த இடத்தில் தலைகுனிந்தேன். பெரிய நாட்டின் லேபிளைப் படித்துக் கோபப்பட்டவள் நான். மூவாயிரத்து அறுநூறு முட்டையை வைத்து ஒரு மந்திரியைப் பிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தவள் நான். மனுவில் ஏஜென்ட் சொன்னபடியே நாற்பத்தொன்று என்று எழுதியதும் நான். பெயரை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுத்தில் பிழை இல்லை. எண்ணில் ஒரு மனிதன் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஒரு கதை சொன்னார். இருபது வருடத்துக்கு முன்னால், இப்போது இல்லாத ஒரு கம்பெனி. அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். அறையில் ஏழு பேர். ஆய்வுக்கு ஜீப்பு வருகிறது என்றால் மூன்று பேர் பின்வாசல் வழியாகப் போய்க் கருவைக்குள் நிற்க வேண்டும். அக்கா எப்போதும் ஏழாவது ஆள். ஒரு நாள் ஜீப்பு வந்தது, மூவரும் போய் நின்றார்கள். ஜீப்பு போய்விட்டது. உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது. முள்ளுக்குள் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பொழுது சாய்ந்து, வேலை முடிந்து, கம்பெனி கேட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டபோதுதான் தெரிந்தது.

"கூப்பிட மறந்துட்டாக தாயி. கோவமெல்லாம் இல்ல. கணக்குல இல்லாதவள எப்படி ஞாபகம் வரும்?"

அவையோரே! அச்சங்குளத்து மக்களே! இப்போது கேட்கிறேன். அன்பரசன் எங்கே இருக்கிறான்? ஆயிரத்து இருநூற்றில் இருக்கிறானா? இல்லை! மூவாயிரத்து அறுநூற்றில் இருக்கிறானா? இல்லை! கோடிகோடியாய்க் கொட்டிய செலவில் அவனுக்கென்று ஒரு வரி இருக்கிறதா? இல்லை! அவன் கருவைக்குள் நிற்கிறான். அவனோடு இன்னும் நாற்பத்தொரு பேர் நிற்கிறார்கள். ஜீப்பு போய்விட்டது. பேண்டு வாத்தியம் ஓய்ந்துவிட்டது. கேட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்கிறது. அவர்களை யாரும் வெறுக்கவில்லை, யாரும் விரட்டவில்லை. கூப்பிட மறந்துவிட்டார்கள். நாம் கூப்பிட வேண்டாமா?

யாரது? "ஏலே அன்பரசா, வாலே!" என்று கத்தியது சங்கிலிமுத்து அண்ணனா? அவ்வளவு சத்தம் போடுங்கள் அண்ணே. தூரம் அதிகம். என்னக்கா? ஆமாம். கிட்டுமணியையும் கூப்பிடுங்கள்.

நாளை திங்கட்கிழமை. சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிற நாள். மனுவைத் திருத்திவிட்டேன். நாற்பத்திரண்டு. அந்த எழுத்தர் ஒன்று சொல்லி அனுப்பினார்: "சரத்தையும் கொண்டு போங்க. கையெழுத்தும் கொண்டு போங்க. ஆனா எண்ணிக்கை சரியா இருக்கணும். அங்கனயும் எண்ணுவாக." ஆகவே இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவருக்கு ஒன்று. அண்ணன் சார்பில், மதினி சார்பில் என்று வேண்டாம். கூட்டியும் வேண்டாம், கழித்தும் வேண்டாம். நாற்காலியில் இருப்பவர்கள் மட்டுமல்ல. கருவைக்குள் இருப்பவர்களும்.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன். 'தஸ்லிமா, இருநூறுக்கு மேல் கையெழுத்து இருந்தால் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று போலீஸ் கேட்கும்.'

நியாயமான கவலை. அனுமதி அவர் பெயரில்.

தலைவர் அவர்களே, மூன்று வருடமாக உங்கள் லேபிளில் ஓர் எண்ணைக்கூட நான் தொட்டதில்லை. எத்தனையோ முறை கை துறுதுறுத்தது. தொடவில்லை. இந்த ஒரு லேபிளில் மட்டும் எண்ணையும் நான் பார்த்துக்கொள்ளட்டுமா?

யோசிக்கிறார்.

அவரை அவசரப்படுத்தாதீர்கள். முதன்முறை அப்படித்தான் இருக்கும்.

என்ன சொல்கிறார்? மைக்கைக் கொடுங்கள். "எண்ணுங்கம்மா. எம்புட்டு இருக்கோ அம்புட்டும் எண்ணுங்க. பிழை இல்லாம எண்ணுங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

இப்போது கைதட்டலாம். நன்றாகத் தட்டுங்கள், எனக்கு அல்ல. அவருக்கு.

என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், பெயர் சொல்லாத வரைக்கும் மைக்கை நிறுத்தாத காளீஸ்வரன் அண்ணனுக்கும், சோற்றைக் கொண்டு உலகத்தை அளக்கும் என் மாமாவுக்கும், குரலைக் கோர்த்த அய்யம்மாள் அக்காவுக்கும், உட்கார்ந்தும் நின்றும் முள் குத்தியும் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. கடல் தாண்டி, சமையற்கூடத்தில், இரண்டு முட்டை தின்றுவிட்டு நம் குரலுக்குக் காத்திருக்கும் நாற்பத்திரண்டு பேருக்கும் இந்த அச்சங்குளத்திலிருந்து வணக்கம். போய்விட்டு வருகிறேன். வரும்போது எண்ணிக்கை குறையாமல் வருவோம்.

பேசி முடித்ததும் மேடையிலிருந்து இறங்கினேன். தாள்களை எடுத்துக்கொண்டு முதலில் கருவைக்குள் போனேன். முதலாவதாக நின்றவர் சொர்ணலட்சுமி. வயது முப்பது என்றார். பக்கத்தில் இருந்த மகளுக்கு இருபத்துநான்கு. சொன்னதை எழுதினேன். அங்கே முடித்துவிட்டுப் பிறகு நாற்காலிகளுக்கு வந்தேன். எல்லாம் சேர்த்து நானூற்று முப்பத்தாறு. அய்யம்மாள் அக்கா விரல் வைத்து மறுபடி எண்ணிவிட்டு, "நீ எங்க தாயி?" என்றார். நானூற்று முப்பத்தேழாவதாக என் பெயரை எழுதினேன். மறுநாள் காலை ஆறே கால் பஸ்ஸில் சூலக்கரைக்குப் போனோம்.